எலும்பு எளிதில் முறியும் பிள்ளையைத் தூக்கப் பழகியது

நப்பி மாற்றும்போது குழந்தையின் இரண்டு கணுக்கால்களையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்து மேலே தூக்குவோமே, எங்கள் மகளுக்கு அப்படிச் செய்யவே கூடாது என்று எனக்கு முதலில் சொன்னது ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்திலிருந்து போனில் கதைத்த ஒரு பெண். டொக்டர்கள் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள், அடுத்து வர வேண்டிய திகதியையும் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைச் சொல்லித் தந்தது அந்தப் பெண் வேலை செய்கிற தொண்டு நிறுவனம்தான். அங்கே கற்றதையும், பிறகு எங்கள் தமிழ் வீட்டுப் பழக்கங்களுக்கு ஏற்றபடி நாங்களே மாற்றிக்கொண்டதையும் எழுதி வைக்க வேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன். இப்படி ஒரு பிள்ளை உள்ள தமிழ்க் குடும்பம் எங்கே இருந்தாலும் இதில் பாதியாவது உதவும்.

மகளுக்கு இருப்பது ஓஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா, சுருக்கமாக ஓ.ஐ. என்பார்கள். எலும்புக்குக் கல்சியம் மட்டும் போதாது, அந்தக் கல்சியம் படிந்து உறுதியாக நிற்பதற்குக் கொலாஜன் என்கிற புரத நார் வேண்டும், அந்த நாரைச் செய்கிற மரபணுவில் பிழை இருப்பதால் எலும்பு சின்ன அசைவுக்கே முறிகிறது. ஏறக்குறைய 15,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு. 1979இல் டேவிட் சிலென்ஸ் என்கிற அவுஸ்திரேலிய டொக்டர் இதை நான்கு வகையாகப் பிரித்தார், அதற்குப் பிறகு இன்னும் பல வகைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஒருவருக்கு ஆயுளில் ஒன்றிரண்டு முறிவோடு போய்விடும், இன்னொருவருக்குத் தாயின் வயிற்றுக்குள்ளேயே முறிந்திருக்கும். ஆகவே இணையத்தில் எங்கேயோ படித்த ஒரு கதையை வைத்து உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துக் கலங்க வேண்டாம்.

எங்களுக்கு இது தெரியவந்த விதம் கஷ்டமானது. கைக்குழந்தைக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது, எப்படி முறிந்தது என்று பெற்றோருக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால் இங்கே பிரித்தானியாவில் ஆஸ்பத்திரிகள் பெற்றோரைச் சந்தேகிக்கும், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற சோஷல் சேர்விஸ் வரும். ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் வந்து கேட்டார்கள். எனக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவு ஓடாது, என் கணவரின் மச்சாள் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார், அவர் பயத்தில் சில வசனங்களைச் சுருக்கிச் சொல்ல, நான் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்கிறேன் என்று அவர்கள் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பெரிய டொக்டர் வந்து மகளின் கண்ணை வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளை விழி இலேசான நீல நிறத்தில் இருந்தது. குடும்பத்தில் யாருக்காவது அடிக்கடி எலும்பு முறிந்திருக்கிறதா என்று கேட்டார், அப்புறம்தான் மரபணுச் சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். (எல்லா ஓ.ஐ. பிள்ளைகளுக்கும் விழி நீலமாக இருக்காது, அதையும் தெரிந்து வைத்திருங்கள்.)

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறும். ஆனால் பிள்ளைகளை அடிக்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்காரர் கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இந்த நிலையில் நிற்கிற ஒரு குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான்: ஆஸ்பத்திரியிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், என்.எச்.எஸ். என்கிற அரச சுகாதாரச் சேவை அதை இலவசமாகத் தர வேண்டும், சொந்தக்காரரை வைத்து இதைச் செய்யாதீர்கள். என்ன நடந்தது, எந்த நாள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அன்றைக்கே தமிழிலாவது எழுதி வையுங்கள். எலும்பு நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்று மரியாதையாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். கோபப்பட்டுக் கத்தினால் அது வேறு மாதிரிப் பதியப்படும்.

நான் சொன்ன தொண்டு நிறுவனத்தின் பெயர் பிரிட்டில் போன் சொசைட்டி. தனக்கே ஓ.ஐ. இருந்த மார்கரெட் கிராண்ட் என்கிற பெண் 1968இல் டண்டீயில் தொடங்கியது, இன்றும் அங்கிருந்துதான் பிரித்தானியா, அயர்லாந்து முழுவதுக்கும் வேலை செய்கிறார்கள். தகவல் தாள்கள் தருவார்கள், போனில் கதைப்பார்கள், சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களுக்குப் பண உதவி செய்வார்கள், குடும்பங்களை ஒன்றாகக் கூட்டுவார்கள். பட்டியலாகப் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். நான் போன் எடுத்தபோது எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் நோயின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை, அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்போது குழந்தையை எப்படித் தூக்குகிறீர்கள், சொல்லுங்கள்" என்றார். அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டிருக்கவில்லை.

தூக்குகிற விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கக்கூடாது, விலா எலும்பு தாங்காது. கையையோ காலையோ பிடித்து இழுக்கக்கூடாது. ஒரு கையின் விரல்களை நன்றாக விரித்துத் தலைக்கும் தோளுக்கும் கீழே, மற்றக் கையை அதே மாதிரி விரித்துப் புட்டத்துக்குக் கீழே கொடுத்து, முழு உடம்பையும் ஒன்றாக அள்ள வேண்டும். விரல் நுனியால் பிடித்தால் ஒரே இடத்தில் அழுத்தம் விழும், உள்ளங்கையை விரித்தால் பரவிவிடும். நப்பி மாற்றும்போது கையைப் புட்டத்துக்குக் கீழே நுழைத்து, கால்கள் உங்கள் முன்கையில் கிடக்கிற மாதிரி வைத்து இலேசாக உயர்த்தினால் போதும். தூக்கப் போகிறேன் என்று பிள்ளைக்கு ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் தூக்குங்கள், திடுக்கிட்டு உதறினாலும் முறியலாம். ஏவறை எடுக்க முதுகில் தட்டுவதை விட்டுத் தடவிக் கொடுங்கள்.

உடுப்பு முன்பக்கம் முழுவதும் திறக்கிற மாதிரி, ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். சட்டைக் கைக்குள் பிள்ளையின் கையைத் தள்ளாமல், வெளியே இருந்து உங்கள் விரல்களை உள்ளே விட்டுப் பிள்ளையின் கையை மெல்லப் பிடித்துச் சட்டையை அதன்மேல் நகர்த்துங்கள். முறிந்த கை இருந்தால் போடும்போது அது முதல், கழற்றும்போது அது கடைசி. ஓ.ஐ. பிள்ளைகள் பலருக்கு நிறைய வியர்க்கும், பருத்தித் துணிதான் நல்லது. தலை வியர்த்திருப்பதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லாம் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள், சரி, அதற்குப் பழகிவிடலாம்.

இனி எங்கள் வீட்டுப் பழக்கங்கள். என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். எங்கள் அம்மாமார் குழந்தையைக் கால் நீட்டி இருந்து, காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கையையும் காலையும் குறுக்கே மடக்கி நீவி, மூக்கைப் பிடித்துவிட்டு, தலையை உருட்டி வடிவாக்கிக் குளிக்க வார்ப்பார்கள். அம்மா எட்டுப் பேரப்பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தவர். இந்தப் பிள்ளைக்கு அது ஆகாது என்று சொல்வது அவரிடமிருந்து பிள்ளையைப் பறிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. தொண்டு நிறுவனத்தின் தகவல் தாளில் உள்ள படங்களை அவருக்கு முன்னால் விரித்து, ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டினோம். எங்களை எல்லாம் விட அம்மாதான் கெதியாகப் பழகினார், குழந்தை தூக்கித் தூக்கிப் பழகிய கையல்லவா. எண்ணெய் பூசுவதை விடவில்லை, நீவாமல், அழுத்தாமல், உள்ளங்கையால் பூசி எடுத்தார். குளிக்க வார்க்கச் சின்னத் தொட்டியின் அடியில் தடித்த ஸ்பொஞ்ச் போட்டோம். ஏணை கட்டவில்லை. சேலைத் துணிக்குள் கை மாட்டிக்கொண்டால் வெளியே எடுக்கும்போது திரும்பிவிடும் என்று எங்கள் பிசியோ (உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்) சொன்னார், சமதரையான கட்டில்தான், அதிலும் ஒரே பக்கமாகக் கிடத்தாமல் மாற்றி மாற்றிக் கிடத்துவது. காப்பு போடுவதையும் விட்டுவிட்டோம், இறுக்கமான காப்பைக் கழற்ற மணிக்கட்டை அமுக்க வேண்டி வரும். நாவூறு கழிப்பது தாராளமாக நடந்தது, அதில் ஒரு எலும்பும் முறியாது.

பார்க்க வருகிற சொந்தக்காரர் சிக்கல் வேறு. கன்னத்தைக் கிள்ளுவது, சொல்லாமல் கொள்ளாமல் வாங்கித் தூக்குவது, இடுப்பில் வைத்து ஆட்டுவது எல்லாம் எங்களிடம் அன்பின் அடையாளம். நாங்கள் கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுவோம்: "அன்ரி, கதிரையில் இருங்கோ, பிள்ளையை நானே உங்கள் மடியில் வைக்கிறேன்." மடியில் தலையணை வைத்து அதன்மேல் கிடத்துவோம். ஒருவரும் கோபிக்கவில்லை. தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பிள்ளை ஒருவர் மடியிலும் கிடக்காமல் வளர்ந்திருக்கும், அது அதைவிடப் பாவம்.

யாருடைய பக்கத்தால் வந்தது என்கிற கேள்வி எல்லாத் தமிழ் வீட்டிலும் வரும், எங்களுக்கும் வந்தது. சொந்தத்துக்குள் கட்டியதாலா என்றார்கள், கிரகணத்தில் வெளியே போனாயா என்றார்கள். ஓ.ஐ.யில் பெரும்பாலானவை பெற்றோர் சொந்தமா இல்லையா என்பதோடு தொடர்பில்லாதவை. தாய்க்கோ தகப்பனுக்கோ நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பலருக்குப் பெற்றோர் இருவருக்குமே இல்லாமல் பிள்ளையிடம் புதிதாக மரபணு மாறியிருக்கும். சொந்தத் திருமணத்தில் கூடுதலாகத் தெரிகிற சில அரிய வகைகளும் இருப்பது உண்மைதான். ஆகவே ஊகிக்காமல் மரபணு ஆலோசனைக்குப் போங்கள், அடுத்த பிள்ளைக்கு யோசிக்கிறவர்கள் கட்டாயம் போங்கள். கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டது, தூக்கியது, போனது, வந்தது எதுவும் காரணம் இல்லை. என் மாமிக்கு இதை மரபணு நிலையத்துத் தாதி நேரில் சொன்ன பிறகுதான் வீட்டில் அந்தக் கதை நின்றது, வெளியாள் வாயால் வந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

மருந்துப் பக்கம் சுருக்கமாக. இங்கிலாந்தில் கடுமையான ஓ.ஐ. உள்ள பிள்ளைகளுக்கென்று லண்டன் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட், பேர்மிங்ஹாம், பிரிஸ்டல், ஷெஃபீல்ட் என்று நான்கு சிறப்பு மையங்கள் உண்டு. பமிட்ரோனேட் அல்லது சொலெட்ரோனேட் என்கிற மருந்தை நாளத்தில் ஏற்றுவார்கள். கொலாஜனை அது திருத்தாது, எலும்பு கரைவதைக் குறைத்து அடர்த்தியைக் கூட்டும். முதல் தடவை ஏற்றி ஓரிரு நாளுக்குள் காய்ச்சலும் உடம்பு நோவும் வருவது வழக்கம், அதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பயம் வராது. ஏற்றுவதற்கு முன் இரத்தத்தில் கல்சியமும் விட்டமின் டீயும் போதுமான அளவு இருக்க வேண்டும், பல்லையும் பார்ப்பார்கள். விட்டமின் டீயை எங்கள் சனம் தனியாகக் கவனிக்க வேண்டும். எங்கள் தோல் நிறத்துக்கு இந்த நாட்டு வெயில் காணாது, கறுத்த தோல் உள்ளவர்கள் வருடம் முழுவதும் ஒரு நாளைக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதை யோசிக்கச் சொல்லி என்.எச்.எஸ்.ஸே சொல்கிறது. ஓ.ஐ. பிள்ளைக்கு எவ்வளவு என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். பிறகு வளர வளர நீளமான எலும்புகளுக்குள் கம்பி வைப்பார்கள், பிள்ளையோடு சேர்ந்து நீள்கிற ஃபசியே டுவால் என்கிற கம்பி மகளின் இரண்டு தொடையிலும் இருக்கிறது. தண்ணீருக்குள் செய்கிற பயிற்சி அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. முறிந்துவிட்டது என்று மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்தினால் எலும்பு இன்னும் மெலியும், ஆகவே எப்போது அசைக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நீங்களே கேளுங்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும்போது ஒரு தாள் கையில் இருக்க வேண்டும். இதைத் தொண்டு நிறுவனம்தான் சொல்லித் தந்தது, இதனால் காப்பாற்றப்பட்ட இரவுகள் பல. நிபுணரிடம் கேட்டு வாங்கிய கடிதம் அது: நோயின் பெயர், வகை, எந்த எலும்பில் கம்பி இருக்கிறது, எடுக்கிற மருந்து, யாருக்குப் போன் பண்ண வேண்டும். அதன் கீழே நாங்கள் எழுதிச் சேர்த்தது: நோவுக்கு மருந்து கொடுத்த பிறகுதான் அசைக்க வேண்டும், இரத்த அழுத்தம் பார்க்கிற இயந்திரப் பட்டியைக் கேட்காமல் கட்டக்கூடாது, தூக்கும்போது பெற்றோரைத் தூக்க விடுங்கள் அல்லது விரிப்போடு தூக்குங்கள். நீங்களும் முறிந்த இடத்தை இழுத்து நேராக்கப் பார்க்காதீர்கள், எப்படிக் கிடக்கிறதோ அப்படியே தடித்த துணியோ மடித்த சஞ்சிகையோ வைத்துத் தாங்கிக் கட்டிக்கொண்டு போங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பினாலும், பிள்ளை தொடர்ந்து அழுதால் திரும்பப் போங்கள். இவளுடைய அழுகையில் எது முறிவு, எது பிடிவாதம் என்று எங்களுக்குத் தெரியும், அதைச் சொல்ல வெட்கப்படக் கூடாது.

படிவங்கள் நிரப்புவது தனி வேலை. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு இங்கே நீளமான ஒரு படிவம் உண்டு. எங்கள் ஆட்கள் அதில் விட்டுக்கொடுத்து எழுதுவார்கள், பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல மனம் வராது, "சமாளிக்கிறோம்" என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் கிடைக்காது. கடினமான ஒரு நாளை எடுத்து, காலையில் எழும்பியதிலிருந்து இரவு திருப்பிக் கிடத்துவது வரை ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம், எத்தனை கை வேண்டும் என்று எழுதுங்கள். பராமரிப்புக்கான பகுதி கைக்குழந்தைக்கே கிடைக்கலாம், நடமாட்டத்துக்கான உயர்ந்த தொகையை மூன்று வயதிலிருந்துதான் கேட்கலாம், அந்தப் பிறந்தநாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

பாடசாலைக்கு அனுப்ப எனக்குத்தான் பயம், மகளுக்கு இல்லை. மணி அடிப்பதற்குச் சற்று முன்னே ஒரு சிநேகிதியோடு வகுப்பை விட்டுக் கிளம்பிவிடுவாள், நெரிசலில் மாட்டுவதில்லை. விளையாட்டு நேரத்தில் ஓரமாக இருத்திப் புள்ளி எழுத வைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பந்து எறியலாம், நீந்தலாம், என்ன செய்யலாம் என்பதைப் பிசியோ எழுதித் தந்தார்.

அந்த நிறுவனம் நடத்துகிற குடும்பக் கூடலுக்குப் போனதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு மண்டபம் நிறையச் சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், ஓடித் திரிகிற பிள்ளைகள், அவர்களுக்கு நடுவில் ஓ.ஐ.யோடு வளர்ந்து வேலைக்குப் போகிற, கார் ஓட்டுகிற, பிள்ளை பெற்ற பெரியவர்கள். அதுவரை நான் இந்த நோயுள்ள ஒரு பெரிய ஆளைப் பார்த்ததே இல்லை. மகள் என்னவாக வருவாள் என்று எனக்குள் ஒரு படமே இருக்கவில்லை, அன்றைக்கு ஒன்றல்ல, நிறையப் படங்கள் கிடைத்தன. அங்கே ஒரு அம்மாவிடம் உங்களுக்கு இப்போது எது சிரமம் என்று கேட்டேன், காது என்றார். ஓ.ஐ. உள்ள பலருக்கு வளர்ந்த பிறகு கேட்கும் சக்தி குறையும், அதைக் காலத்துக்குக் காலம் சோதிக்க வேண்டும் என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். தமிழ் முகம் எங்களுடையது மட்டும்தான். அதன் பிறகுதான் தமிழில் கதைக்க விரும்புகிற பெற்றோருக்கு என் போன் இலக்கத்தைக் கொடுக்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

இப்போது ஊரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆட்கள் எனக்குப் போன் எடுக்கிறார்கள். அங்கே இந்த மாதிரி நிறுவனம் பக்கத்தில் இல்லையே என்பார்கள். தூக்குகிற முறைக்கும், அந்த ஒரு தாளுக்கும் நிறுவனம் வேண்டியதில்லை, இன்றைக்கே தொடங்கலாம். முறிவு நெறிவு வைத்தியரிடமோ புத்தூர்க் கட்டுக்கோ கொண்டுபோகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, இந்த நோய் உள்ள பிள்ளையை நீவவும் இழுக்கவும் விடாதீர்கள். நல்ல எலும்புக்குப் பழகிய கை அது, இந்த எலும்பு இன்னொரு இடத்தில் முறியும். இலங்கையில் இருந்தால் கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லி உங்கள் ஆஸ்பத்திரி டொக்டரிடம் கேளுங்கள். இந்தியாவில் 2021இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் ஓ.ஐ.யும் அதற்கு ஏற்றுகிற இந்த வகை மருந்தும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன, நியமிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம் என்று 2022இல் மாற்றினார்கள். பல பெற்றோருக்கு இது தெரியாது, சில டொக்டர்களுக்கும் தெரியாது, ஆகவே கொள்கையின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போங்கள். பழைய எக்ஸ்ரே ஒன்றையும் எறியாதீர்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் திகதியும் எந்தக் கை, எந்தக் கால் என்பதும் எழுதி ஒரே உறையில் போட்டு வையுங்கள், எந்த நிபுணரிடம் போனாலும் முதல் கேட்பது அதைத்தான்.